மரக் கட்டடம் நின்ற மண்ணை அகழ்வது எப்படி?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இடைக்கால மேனர் மனை ஒன்றை அகழப் போகிறவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது, அங்கே கட்டடம் இராது என்பதுதான். மேனர் என்பது ஒரு பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலத் தொகுதி. அதன் நடுவே அவரோ அவருடைய காரியக்காரரோ தங்கிய கூடம், படுக்கையறை, சமையற்கட்டு, களஞ்சியம், தொழுவம் ஆகியவை ஒரு வேலிக்குள்ளோ நீரகழிக்குள்ளோ அமைந்திருந்தன. 12ஆம் நூற்றாண்டு வரை இவற்றுள் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை. மண்ணில் நட்ட ஓக் கம்பங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே மட்கிவிட்டன. மரம் நின்ற இடத்தில் மண்ணின் நிறமும் இறுக்கமும் சற்றே மாறியிருப்பது மட்டுமே எஞ்சியிருக்கும். ஆகவே இவ்வகைக் களத்தில் தோண்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட, திறந்த மேற்பரப்பைத் துப்புரவு செய்து உற்றுப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். அகழாய்வின் அடிப்படைப் பயிற்சி பெற்று, மரக் கட்டடக் களம் ஒன்றில் முதன்முறையாகப் பொறுப்பேற்பவரை எண்ணி இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

தோண்டுவதற்கு முன்

இடத்தின் சட்ட நிலையை அறியாமல் மண்ணில் கை வைக்கக் கூடாது. மேனர் மனைகளில் பல, குறிப்பாக நீரகழி சூழ்ந்தவை, 1979ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி பட்டியலிடப்பட்டவை. அத்தகைய இடத்தில் அரசின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இன்றித் தோண்டுவது குற்றம். மண்ணுக்குள் உள்ள காந்த வேறுபாட்டை மேலிருந்தே அளக்கும், மண்ணைத் தொடாத காந்தமானி அளவீட்டுக்கும் உலோகங்காணியுடன் நடப்பதற்கும்கூட அதே சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி தனி உரிமம் பெற வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகின்றனர். மனித எலும்பு வெளிப்பட வாய்ப்பிருந்தால் 1857ஆம் ஆண்டின் அடக்கச் சட்டத்தின்படி நீதி அமைச்சகத்தின் உரிமம் தேவைப்படலாம். மேனர் களங்களில் இது வெறும் சம்பிரதாயமன்று. நார்தாம்ப்டன்ஷயரின் ரவுண்ட்ஸ் ஃபர்னெல்ஸில் பிரபுவின் மனையை ஒட்டியே ஒரு சிறு தேவாலயமும் அதன் இடுகாடும் வெளிப்பட்டன. பொன்னோ வெள்ளியோ கிடைத்தால் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அதைப் பதினான்கு நாட்களுக்குள் கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்கிறது.

ஆவணங்களைத் தேடுவதில் அளவான எதிர்பார்ப்பு போதும். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பு நிலம் யாருடையது, எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று சொல்லும். கூடம் எங்கே நின்றது என்று பெரும்பாலும் சொல்லாது. மேனர் கணக்குச் சுருள்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்துதான் ஓரளவு தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் தச்சருக்குக் கொடுத்த கூலி, கூரை வேயும் வைக்கோலின் விலை, களஞ்சியக் கதவுக்கு வாங்கிய கீல் முதலிய சிறு செலவுகள் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவுகளிலிருந்து அந்த மனையில் என்னென்ன கட்டடங்கள் இருந்தன என்ற பட்டியலைத் தொகுக்கலாம். அந்தப் பட்டியலைக் களத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் முதலில் தெரியும் கம்பக்குழி, அதாவது கம்பம் நட்ட குழி, வரிசைக்கே அதிலிருந்து ஒரு பெயரைச் சூட்டிவிடாதீர்கள். நிலத்தின் மேடுபள்ளத்தை அறிய, இலவசமாகக் கிடைக்கும் லிடார் வான்வழி அளவீட்டுத் தரவு இன்று ஆவணங்களைவிடக் கூடுதலாக உதவும். தூர்ந்த அகழியும் பழைய உழவுப் பாத்திகளும் அதில் தெளிவாகத் தெரியும். அப்பாத்திகள் மனையின் மேலேறி ஓடுகின்றனவா, அதன் விளிம்பில் நின்றுவிடுகின்றனவா என்பதை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

காந்தமானி அகழிகளையும் அடுப்புகளையும் நன்றாகக் காட்டும். கம்பக்குழிகளைக் காட்டுவதில் அது நம்பத்தக்கதன்று. வழக்கமான அளவீட்டில் கருவி 1 மீட்டர் இடைவெளியில் உள்ள கோடுகளின்மேல் நடந்து 25 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அளக்கிறது. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு குழி இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுவதுமாக நழுவிவிடும். ஆகவே அளவீட்டுப் படத்தில் வெறுமையாகத் தெரியும் முற்றத்தை வெறுமையானது என்று திட்ட அறிக்கையில் எழுத வேண்டாம். சோதனைக் குழிகளுக்கும் இதே குறை உண்டு. 2 மீட்டர் அகலமான குழி ஒரு கூடத்தைக் குறுக்காக வெட்டிச் சென்றால், இரண்டு கம்பக்குழிகளும் ஒரு கரிப்படலமும் மட்டுமே தெரியும். அவை ஒரு பெருங்கூடத்தின் பகுதி என்பது பரப்பை அகலமாகத் திறந்த பிறகுதான் புலப்படும்.

அகலமாகத் திறப்பது

மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டில் கையாண்ட முறை நம் வாசகர்களுக்குப் பழகியதுதான். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, இடையே மண் திட்டுகளை விட்டு, ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியே ஆழப்படுத்துவது அம்முறை. கீழடிப் படங்களிலும் அந்த ஒழுங்கைக் காண்கிறோம். மண்ணடுக்குகள் பல மீட்டர் ஆழத்துக்குச் செல்லும் ஊர்மேடுகளில் அதன் பயன் பெரிது. ஆனால் மரக் கட்டடம் நின்ற ஆழமற்ற களத்தில் அது தடையாகிவிடும். சுவரின் ஒரு வரிசைக் கம்பங்கள் முழுவதும் ஒரு திட்டுக்குள் மறைந்துபோகலாம். மறையாவிட்டாலும், ஒரே நேரத்தில் ஒரே ஒளியில் முழு வரிசையையும் காணும் வாய்ப்பு போய்விடும். யார்க்ஷயரின் வாரம் பெர்சி என்னும் கைவிடப்பட்ட சிற்றூரில் ஜான் ஹர்ஸ்டும் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் 1950களில் டென்மார்க்கின் வழியைப் பின்பற்றித் திட்டுகளின்றி முழுப் பரப்பையும் திறந்து அகழத் தொடங்கியதற்கு, இத்தகைய மெல்லிய தடயங்களைப் படிக்க வேண்டியிருந்ததே காரணம். இன்று இங்கிலாந்தில் அதுவே வழக்கம்.

எவ்வளவு திறப்பது என்பதைவிட, எதைக் கொண்டு திறப்பது என்பதே கடினமான முடிவு. நெடுங்காலம் உழப்பட்ட நிலமானால், உழவடி மண்ணில் தரைகள் ஏற்கெனவே அழிந்திருக்கும். அங்கே எந்திரம் கொண்டு மேல்மண்ணை அகற்றலாம். பல் இல்லாத அகன்ற வாளி பொருத்திய அகழ் எந்திரத்தை மட்டுமே ஏற்க வேண்டும். நம்மூரில் பொதுவாக ஜேசிபி என்று சொல்லும் சக்கர வண்டியைவிடச் சங்கிலிச் சக்கரத்தில் முழுவட்டம் திரும்பும் வண்டியே நல்லது. எந்திரம் பின்னோக்கி நகர்ந்தபடி வேலை செய்து, திறந்த பரப்பின்மேல் ஒருமுறைகூட ஏறாதிருக்க வேண்டும். வாளிக்கு முன்னால் ஓர் ஆய்வாளர் இடைவிடாமல் நின்று, ஒவ்வொரு மெல்லிய சீவலுக்குப் பின்னும் மண்ணைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் அனுபவமுள்ளவரானால் பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம். அவர் வாளியின் விளிம்பில் மண்ணின் மாற்றத்தை நமக்கு முன்பே உணர்ந்துவிடுவார். ஆகையால் அவருக்கு என்ன தேடுகிறோம் என்பதை விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது.

என்றும் உழப்படாத புல்வெளியில், மேடுபள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும் நிலையில் மனை இருக்குமானால், எந்திரத்தை வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கே கடைசிக் காலத் தரை புல்வேருக்குக் கீழே ஒரு சாண் ஆழத்திலேயே இருக்கக்கூடும். மண்வெட்டியால் புல்லைப் பெயர்த்துக் கையாலேயே கீழிறங்க வேண்டும். வேல்ஸ் எல்லையில் மான்ட்கோமரிக்கு அருகிலுள்ள ஹென் டோமென் மேனர் மனையன்று. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த மரக்கோட்டை. ஆயினும் இவ்வகை வேலைக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1960இல் அங்கே தொடங்கிய ஃபிலிப் பார்க்கரும் பின்னர் இணைந்த ராபர்ட் ஹையமும் 1992 வரை அதன் ஒரு பகுதியை மட்டுமே அகழ்ந்தனர். கம்பம் நடாமல் மண்ணின்மேல் வெறுமனே கிடத்திய விட்டங்களின்மேல் எழுந்த கட்டடங்களை, கூழாங்கல் பரப்பின் நேரான விளிம்பும் மிதிபட்ட தரையின் தேய்மானமும் கொண்டு அவர்கள் இனங்கண்டனர். எந்திரம் அங்கே இறங்கியிருந்தால் அக்கட்டடங்கள் இருந்ததே தெரிந்திராது.

துப்புரவும் முதல் வரைபடமும்

மேல்மண் அகன்றதும் களைக்கொத்தால் ஒருமுறை சீவி, பிறகு கரணையால் சுரண்டித் துப்புரவு செய்ய வேண்டும். வரிசையாக மண்டியிட்டு, கரணையின் விளிம்பைத் தம்மை நோக்கி இழுத்தபடி அனைவரும் ஒரே வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தால், சுரண்டிய பரப்பை யாரும் மிதிக்க நேராது. முனையால் குத்துவதும் வட்டமாகத் தேய்ப்பதும் நிறங்களைக் கலக்கிவிடும். களிமண் நிலத்தில் துப்புரவு செய்த பரப்பு அரை மணி நேரத்தில் வெயிலில் வெளிறி, எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அப்போது நீர்த் தெளிப்பானால் மெல்லத் தூவிப் பார்க்க வேண்டும். கம்பக்குழியின் மண், சுற்றியுள்ள கன்னிமண்ணைவிட, அதாவது மனிதர் கிளறாத இயற்கை மண்ணைவிட, ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருப்பதால், மழை நின்று பரப்பு காய்ந்துவரும்போது அது இருண்ட வட்டமாகச் சிறிது நேரம் தெரிந்து மறையும். அந்த நேரத்தில் களத்தில் இருப்பவர் கையில் ஆணியும் அடையாளச் சீட்டும் இருக்க வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தபோதே ஆணியடித்துக் குறிக்காவிட்டால், மறுநாள் அதே இடத்தை மீண்டும் தேட வேண்டியிருக்கும். மேகமூட்டமான நாளில் நிறம் நன்றாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் பரப்பின் மிகச் சிறு ஏற்றத்தாழ்வும் தெரியும். இரண்டும் வேண்டும் என்பதால் ஒரே பரப்பைப் பல வேளைகளில் சுற்றிப் பாருங்கள்.

ஒரு குழியைக்கூடத் தோண்டுவதற்கு முன் முழுப் பரப்பின் வரைபடம் முடிந்திருக்க வேண்டும். ட்ரோன் படமும் டோட்டல் ஸ்டேஷன் என்னும் மின்னணு நில அளவைக் கருவி அல்லது ஜிபிஎஸ் தரும் அளவும் வேலையை விரைவாக்கும். ஆயினும் 1:20 அளவில் கையால் வரைவதை நான் இன்றும் வற்புறுத்துவேன். படம் எடுப்பவர் விளிம்பைப் பார்த்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. வரைபவர் ஒவ்வொரு விளிம்பும் எங்கே செல்கிறது என்று முடிவு செய்தே தீர வேண்டும். ஐயமுள்ள விளிம்பைப் புள்ளிக் கோட்டால் வரைய வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே பொய்க் குழிகளைப் பிரித்தறிய முயல வேண்டும். காற்றில் வேரோடு சாய்ந்த மரம் பிறைவடிவக் கறையை விட்டுச் செல்லும். அதன் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மங்கியும் இருக்கும். வேர்த்தடம் கீழே செல்லச் செல்லக் கிளைத்து மெலியும். முயல் வளை பக்கவாட்டில் சரிந்து, நிரப்பு மண் தளர்ந்திருக்கும். இவற்றை வரைபடத்திலிருந்து நீக்கிவிட வேண்டாம். சிலவற்றை வெட்டிப் பார்த்து, இன்னது என்று பதிந்த பிறகே ஒதுக்க வேண்டும்.

கம்பக்குழியைப் பிரித்துப் படித்தல்

முதலில் ஒன்றையொன்று வெட்டும் குழிகளைத் தேர்ந்தெடுங்கள். உழவால் தரைகள் அழிந்த களத்தில், பெரும்பாலான கம்பக்குழிகளுக்கு ஒன்றோடொன்று மண்ணடுக்குத் தொடர்பே இராது. எது முந்தியது, எது பிந்தியது என்று ஐயமின்றிச் சொல்வது இந்த வெட்டுகள் மட்டுமே. எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்பதைக் கோடுகளால் இணைத்துக் காட்டுவதற்கு 1973இல் எட்வர்ட் ஹாரிஸ் வின்செஸ்டரில் வகுத்த அடுக்கு வரைபடம் இங்கே ஒல்லியான பல தனிக் கோடுகளாகவே அமையும். அவற்றை இணைக்கும் ஒவ்வொரு வெட்டும் விலைமதிப்புள்ளது. வேலை முடியும் தறுவாயில், ஆட்கள் களைத்திருக்கும்போது அவற்றைத் தோண்ட விடக் கூடாது.

குழியின் நடுவே இரண்டு ஆணிகளுக்கு இடையில் நூல் கட்டி, ஒரு பாதியை மட்டும் அகழ வேண்டும். ஒரே கட்டடத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றும் குழிகளில் நூலை ஒரே திசையில், சுவரின் போக்கையொட்டியோ அதற்குக் குறுக்காகவோ கட்டுவது நல்லது. அப்போதுதான் கம்பங்கள் உட்பக்கம் சாய்ந்தனவா வெளிப்பக்கம் சாய்ந்தனவா என்பதை ஒப்பிட முடியும். நிரப்பு மண்ணைப் பின்தொடர்ந்து கீழிறங்கி, வெட்டின் பக்கத்தை அடைந்ததும் நிறுத்த வேண்டும். சுண்ணப்பாறை நிலத்தில் அந்த எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். களிமண்ணில் வெட்டப்பட்டுக் களிமண்ணாலேயே மூடப்பட்ட குழியில் கரணை உரசும் ஒலியும் கைக்குத் தெரியும் இறுக்கமுமே வழிகாட்டும். அங்கே பழகாத கைகள் தேவைக்கு மேல் தோண்டிவிடுவது வழக்கம்.

இனி அந்த வெட்டு முகத்தைத் துப்புரவு செய்து நேருக்கு நேர் உட்கார்ந்து பாருங்கள். நல்ல நிலையில் உள்ள குழியில் மூன்று கூறுகள் தெரியும். முதலாவது, கம்பத்தை நிறுத்துவதற்காகத் தோண்டிய வெட்டு. அதில் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருந்தால், சரிவின் வழியே கம்பத்தின் அடியை இறக்கித் தூக்கி நிறுத்தினார்கள் என்று கொள்ளலாம். இரண்டாவது, கம்பத்தைச் சுற்றி இட்டுக் கெட்டித்த மண்ணும் கற்களும். தோண்டியெடுத்த கன்னிமண்ணையே திரும்ப இட்டு இடித்திருப்பதால் இது வெளிர் நிறமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். மூன்றாவது, கம்பம் நின்ற தடம். அது கருத்து, மென்மையாய், பெரும்பாலும் பக்கங்கள் நேராக, அடியில் தட்டையாக முடியும். தடத்தின் வடிவம் வட்டமா, சதுரமா, பிளந்த கட்டையின் அரைவட்டமா என்பதை மேலிருந்து பார்த்து அளந்து கொள்ள வேண்டும். தச்சர் மரத்தை எப்படி உருவாக்கினார் என்பதற்கு அதுவே நேரடிச் சான்று. குழி ஒரு மீட்டரைவிட அகலமானால் பாதி வெட்டு மட்டும் போதாது. 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை மேல்தோற்றத்தையும் வரைந்துகொண்டு இறங்கினால்தான், நூலுக்கு வெளியே ஒதுங்கி நின்ற கம்பத் தடம் கண்ணுக்குத் தப்பாது.

கம்பம் எப்படி முடிந்தது என்பதும் அந்த முகத்திலேயே எழுதியிருக்கும். நின்ற இடத்திலேயே மட்கியிருந்தால் தடத்தின் பக்கங்கள் குலையாமல் இருக்கும். எரிந்திருந்தால் மேற்பகுதியில் கரியும் சிவந்த மண்ணும் இருக்கும். ஆனால் தரைக்குக் கீழே காற்றுப் புகாததால் அடிப்பகுதி கருகாமல் மட்கியிருக்கக்கூடும். பிடுங்கியிருந்தால், பந்தல்காலை ஆட்டி ஆட்டி எடுத்த குழியின் வாய் அகன்றுபோவதைப் போலவே, தடத்தின் மேற்பகுதி புனல்போல் விரிந்து, கெட்டித்த கற்கள் உள்ளே சரிந்து கிடக்கும். பிடுங்கிய கம்பம் வேறெங்கோ மறுபடி பயன்பட்டிருக்கும். ஆதலால் அத்தகைய குழிகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தால், கட்டடம் சிதைந்து விழவில்லை, திட்டமிட்டுக் கழற்றப்பட்டது என்ற முடிவுக்கு வரலாம்.

பானை ஓடுகளை எந்தக் கூறிலிருந்து எடுத்தோம் என்பதில் கருமித்தனமான கவனம் தேவை. கெட்டித்த மண்ணில் உள்ள ஓடு, கம்பம் நடப்பட்டபோதோ அதற்கு முன்போ மண்ணில் சேர்ந்தது; ஆகவே கட்டடம் அந்த ஓட்டின் காலத்துக்கு முன் எழுந்திருக்க முடியாது. தடத்தின் மண்ணில் உள்ள ஓடு, கம்பம் மட்கியபோதோ பிடுங்கப்பட்ட பின்போ உள்ளே விழுந்தது. கட்டடத்தின் முடிவைப் பற்றியே அது பேசும். இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டால், எழுந்த காலமும் வீழ்ந்த காலமும் கலந்து, பிறகு எந்த நிபுணராலும் அவற்றைப் பிரிக்க முடியாது. தடத்தை முதலில் முழுவதுமாக அகற்றி, அதற்குத் தனி எண் கொடுத்து, அதன்பின் கெட்டித்த மண்ணுக்குச் செல்வதே பாதுகாப்பான வழி. ஓடுகளும் தனியாக நின்று நெடுந்தொலைவு அழைத்துச் செல்ல மாட்டா. கிழக்கு மிட்லண்ட்ஸ் களங்களில் அடிக்கடி கிடைக்கும் ஸ்டாம்ஃபோர்ட் வகைப் பாண்டம் சில நூற்றாண்டுகள் தொடர்ந்து வனையப்பட்டது. விளிம்பில்லாத ஒரு சிறு துண்டு காலத்தைக் குறுக்கிக் காட்டாது.

சுவர்ப் பள்ளமும் தரைவிட்டமும்

கம்பங்களைத் தனித்தனிக் குழிகளில் நடாமல், சுவரின் நீளத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி அதனுள் நெருக்கமாக நட்ட கட்டடங்களும் உண்டு. சாமர்செட்டின் செடரில் 1960 முதல் 1962 வரை ஃபிலிப் ராட்ஸ் அகழ்ந்த அரச மனையின் பழமையான நெடுங்கூடம் அவ்வகையானது. ஏறக்குறைய 24 மீட்டர் நீளமுள்ள அதன் பக்கச் சுவர்கள் நடுவில் சற்றே வெளிப்புறம் வளைந்திருந்தன. இத்தகைய பள்ளத்தைக் குறுக்காக மட்டும் வெட்டினால் கம்பங்களுக்கு இடையிலேயே வெட்டு விழுந்து, வெறும் பள்ளமாகவே தெரியும். நீளவாக்கிலும் ஒரு வெட்டு வேண்டும். நிரப்பு மண்ணை மெல்லிய படலங்களாக எடுத்து, ஒவ்வொரு மட்டத்திலும் கருந்தடங்களைத் தேட வேண்டும். அடியை அடைந்த பிறகும் கம்பத்தின் பாரம் அழுத்திய தட்டையான பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாயில் இருந்த இடத்தில் பள்ளம் நின்றுவிடும், அல்லது அதன் இரு முனைகளிலும் பெரிய குழிகள் அமையும்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தச்சு முறை மாறுகிறது. கம்பத்தை மண்ணில் நடுவதற்குப் பதிலாக, கல்மேல் நிறுத்தியோ தரையில் கிடத்திய விட்டத்தின் துளையில் கழுந்து எனப்படும் மர நாக்கைச் செருகியோ சட்டகத்தைத் தன் மூட்டுகளின் வலிமையாலேயே நிற்கச் செய்யும் முறை பரவுகிறது. டெம்ப்ளர் வீரத்துறவியருக்கு 1137இல் கொடையாக வந்த எசெக்ஸின் கிரெசிங் டெம்பிள் மேனரில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இரண்டு மாபெரும் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. மரக் கட்டடக் களத்தில் பொறுப்பேற்கும் எவரும் முதலில் ஒருமுறை அவற்றினுள் நின்று, உத்தரங்கள் எந்தப் புள்ளிகளில் தரைக்குப் பாரத்தை இறக்குகின்றன என்று பார்த்துவர வேண்டும் என்பது என் கருத்து. கட்டடத்தின் தரம் உயர்ந்த இக்காலத்தில்தான் மண்ணில் அதன் சுவடு குறைகிறது. ஒரு வரிசைத் தட்டைக் கற்கள், கைப்பிடி உயரமுள்ள கல்வரிசை, கூரைநீர் விழுந்து அரித்த ஓடை, சுவர் இருந்த கோட்டில் திடீரென நின்றுவிடும் களிமண் தரை, நடுவே சிவந்த அடுப்பு ஆகியவை மட்டும் கிடைக்கும். ஆகவே இக்காலத் தரைகளில் ஆணிகளையும், மண் அப்பிய படல் சுவரின் எரிந்த கட்டிகளையும் ஒவ்வொன்றாக இடங்குறித்து எடுக்க வேண்டும். சுவர் எங்கே நின்றது என்பதை அவற்றின் பரவலிலிருந்து அறியலாம். எரிந்த களிமண் கட்டியில் பதிந்த மிளாரின் பருமனையும் அளந்துகொள்ள மறக்க வேண்டாம்.

நீரகழியும் மாதிரிகளும்

மரமே கிடைக்க வாய்ப்புள்ள இடம் நீரகழியின் அடியும் கிணறும்தான். காற்றுப் புகாத சேற்றில் பாலத்தின் அடிவிட்டங்களும் கழிக்கப்பட்ட பலகைகளும் உளிப்பட்ட தடம் மாறாமல் இருக்கக்கூடும். வெளிப்பட்ட கணத்திலிருந்து அவை உலரக் கூடாது. ஈரச் சாக்கால் மூடி, நாள் முழுவதும் நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வரைந்து படமெடுத்த பின், ஆண்டு வளையங்களைக் கொண்டு செய்யும் காலக் கணிப்புக்கு மரத்தின் முழு விட்டத்தையும் காட்டும் குறுக்குத் துண்டு தேவைப்படும். ஐம்பது வளையங்களுக்குக் குறைவான துண்டு பெரும்பாலும் பயன்படாது. வைரம் பாய்ந்த உட்கட்டை மட்டும் இருந்தால், அம்மரம் இன்ன ஆண்டுக்குப் பின் வெட்டப்பட்டது என்று மட்டுமே சொல்லலாம். வெளிர்ந்த வெளிக்கட்டையும் சேர்ந்திருந்தால் சில பத்தாண்டுகளுக்குள் குறுக்கலாம். பட்டை ஒட்டியிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லலாம். எனவே துண்டு அறுப்பவர் வெளிக்கட்டை நன்றாக எஞ்சிய பக்கத்தைத் தேடிப் பார்த்து அறுக்க வேண்டும். பயன்படாத துளைகளோ பொருத்தமற்ற கழுந்துகளோ தெரிந்தால் அது வேறொரு கட்டடத்திலிருந்து வந்த மரம் என்று ஐயுறுக. அகழியின் கரை எந்நேரமும் சரியலாம். படிப்படியாக வெட்டியோ தாங்கு பலகை வைத்தோ அன்றி யாரையும் உள்ளே இறக்கக் கூடாது.

மண் மாதிரியில் வழக்கமான அளவு 40 முதல் 60 லிட்டர். கூறு அதைவிடச் சிறியதானால் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுப்பு, கம்பத் தடம், கருகிய தரை ஆகியவற்றை முதலில் கவனிக்க வேண்டும். நீரில் மிதக்கவிட்டுப் பிரித்தால் கருகிய கோதுமையும் வாற்கோதுமையும் களை விதைகளும் கிடைக்கும். கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு அந்தத் தானியமணியையே அனுப்புங்கள். ஓராண்டில் விளைந்து முடிந்தது அது. ஓக் கரியின் உட்பகுதி, மரம் வெட்டப்படுவதற்கு நூறோ இருநூறோ ஆண்டுகளுக்கு முன் வளர்ந்ததாக இருக்கலாம். அதைக் கொண்டு கூடத்தின் காலத்தைச் சொன்னால் அது உள்ளதைவிடப் பழமையாகிவிடும்.

வரிசைகளைக் கட்டடமாக்குதல்

நூற்றுக்கணக்கான புள்ளிகள் உள்ள வரைபடத்தின்மேல் எந்தச் செவ்வகத்தையும் வரைந்துவிட முடியும். அந்த ஆசைக்கு அணைபோட, ஒரே கட்டடத்தில் சேர்க்கும் குழிகள் ஆழம், அடிமட்டம், தடத்தின் வடிவம், கெட்டித்த மண்ணின் தன்மை, முடிந்த விதம் ஆகியவற்றில் ஒத்துப்போகின்றனவா என்று அட்டவணை இட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் கட்டடமாக நிற்குமா என்ற கேள்வி. கம்பங்கள் இணை இணையாக எதிரெதிரே அமைந்தால் குறுக்கு உத்தரம் கட்டியிருக்கலாம். நடுவில் இரண்டு வரிசைப் பெருங்குழிகளும் வெளியே சிறுகுழிகளும் இருந்தால் இருபக்கமும் தாழ்வாரம் உள்ள கூடமாகக் கொள்ளலாம். எதிரெதிர் வாயில்கள் ஒரு முனையை ஒட்டி அமைந்தால் அதற்கப்பால் சரக்கறைகளைத் தேடலாம். 5.03 மீட்டர் நீளமுள்ள பழைய அளவுகோலான ராடு கணக்கில் கட்டடத்தின் அளவுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது சிலருக்கு மிகவும் பிடித்த வேலை. மட்கிய கம்பத்தின் நடுப்புள்ளியையே ஒரு சாண் கூடக்குறையத்தான் அறிய முடியும் என்பதை நினைத்தால், அந்தப் பொருத்தங்களில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று வகைக் கோடுகளால் வரைபடம் இடுங்கள்: அகழ்ந்து கண்டது, அழிந்த பகுதியில் இருந்திருக்க வேண்டும் என ஊகித்தது, வேறு விதமாகவும் படிக்கக்கூடியது. லிங்கன்ஷயரின் கோல்த்தோவில் 1970களில் கய் பெரெஸ்ஃபோர்ட் அகழ்ந்த மேனர் மனையில், கூடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை மீண்டும் எழுந்ததும், இறுதியில் அங்கே ஒரு மண்மேட்டுக் கோட்டை அமைந்ததும் தெளிவாக வெளிப்பட்டன. முதல் அரணின் காலத்தை அவர் 9ஆம் நூற்றாண்டு என்றார்; பிறகு வந்தவர்கள் அது அவ்வளவு பழமையானதன்று என வாதிட்டனர். அடுக்குகளின் வரிசையைப் பற்றிய அவருடைய பதிவு இருந்ததால்தான் அந்த விவாதமே சாத்தியமாயிற்று. ஆகவே அறிக்கையில் காலத்தைப் பற்றிய நம் கருத்தையும் மண்ணில் கண்ட வரிசையையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதாதீர்கள்.

களத்தை மூடும்போது, பாதி மட்டும் அகழ்ந்த குழிகளில் மறுபாதியையும் எடுப்பதா, விட்டுவைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். கட்டட வேலைக்காக அழியப்போகும் நிலமானால் முக்கியமான கட்டடங்களின் குழிகளை முழுமையாக எடுத்துவிட வேண்டும்; அழியாத நிலமானால் மறுபாதியை விட்டுவைப்பது நல்லது. விட்டுவைப்பவற்றின்மேல் நீர் கசியும் துணியை விரித்து, முதலில் அடிமண்ணையும் பிறகு மேல்மண்ணையும் எடுத்த வரிசையிலேயே திரும்ப இட வேண்டும். பதிவேடு, வரைபடங்கள், ஓடுகள் அனைத்தும் வேலை தொடங்கும் முன்பே அருங்காட்சியகத்திடம் பெற்ற பதிவு எண்ணுடன் அங்கே சென்று சேர வேண்டும். அந்த எண்ணை ஒவ்வொரு பையிலும் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.